மூன்று சுற்றுக் கட்டுக்கம்பி

என் தம்பியின் கை பயத்தில் உறைந்துவிட்டதாம். சொன்னது யார் தெரியுமா? வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்த விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்து பார்க்காத ஆள், எங்கள் முதலாளி. இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்திருப்பவனின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்.

"யாருக்கும் வரும்ப்பா. எத்தன வருஷம் ஓட்டினாலும் ஒரு நிமிஷம் மூளை வேலை செய்யாமப் போயிடும். நீ மட்டும் அந்த லீவரை இழுத்திருந்தா வண்டி பஞ்சு மாதிரி மேல போயிருக்கும்."

தம்பி தலையை ஆட்டினான். முதலாளி பொய் சொல்வது புதிதல்ல. இவன் அதற்குத் தலையாட்டுகிறானே, அதுதான் தாங்கவில்லை.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தெளிக்கிறோம். ஓட்டுவது தம்பி. கீழே நின்று மருந்தைக் கலக்கி, குழாய் மாட்டி, விமானத்தின் வயிற்றில் நிரப்புவது நான். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. விமானத்தில் ஒரே ஆள் உட்காரலாம். அவனுக்கு முன்னால் மருந்துத் தொட்டி, இடது கைப்பக்கம் ஒரு லீவர். அதைப் பிடித்து இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து அத்தனை மருந்தும் ஐந்தே நொடியில் கீழே கொட்டிவிடும். பாரம் குறைந்ததும் விமானம் எம்பும். கிளம்பும்போது மேலே ஏறவில்லையா, யோசிக்காதே, லீவரை இழு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தம்பி இதைச் சொல்வான்.

அன்றைக்கு விமானம் ஏறவில்லை. மருந்தும் கொட்டவில்லை. ஓடுதளத்தின் கோடியில் வேலியைத் தாண்டி, வாய்க்கால் கரையில் சக்கரம் இடித்து, சோளக் காட்டுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது.

"நாளை மறுநாள் அந்த விசாரணை அதிகாரியம்மா இங்க வருவாங்க" என்றார் முதலாளி. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். "உன்னைப் போட்டு ஆயிரம் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணுவாங்க. எதுக்கு? இதுல ஒரு கையெழுத்துப் போட்டு வெச்சுடு. நான் பாத்துக்கறேன்."

நான் தாளைப் பிடுங்கிப் படித்தேன். டைப் செய்து கொண்டுவந்திருந்தார். 'பதற்றத்தின் காரணமாக அவசர லீவரை இயக்கத் தவறிவிட்டேன். விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை.' கீழே தம்பி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன பெருக்கல் குறி. இதில் கையெழுத்து விழுந்தால் என் தம்பி இனி எந்த விமானத்திலும் ஏற முடியாது. இடுப்பு ஒருநாள் கூடிவிடும், டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பதறிப்போன விமானியை எவன் கூப்பிடுவான்?

"எவ்வளவு அக்கறை முதலாளி உங்களுக்கு! பழம், பேப்பர், பேனா எல்லாம் மறக்காமக் கொண்டாந்திருக்கீங்களே" என்றேன்.

"மிளகாய், நீ சும்மா இரு. இது ஆஸ்பத்திரி."

மிளகாய் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். நான் அவருக்கு வைத்த பெயர் இன்னொண்ணு. நாலு லோடு முடிந்து தம்பி இறங்கப் பார்த்தால் விரலைத் தூக்கி "இன்னொண்ணு" என்பார். வெயில் ஏறிவிட்டது என்றால் "இன்னொண்ணு". காற்று மாறிவிட்டது என்றால் "ஒரே ஒரு இன்னொண்ணு". மெக்கானிக் முதல் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் போனதும் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்தேன். "ஏன்டா தலையாட்டினே?"

"அக்கா, நான் இழுத்த மாதிரிதான் ஞாபகம். ஆனா இழுத்திருந்தா கொட்டியிருக்கணுமே. கொட்டல. அப்ப நான் இழுக்கலதானே?" கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மயக்கத்துல கண்ட கனவோ என்னமோ. நான் பயந்துட்டேன்க்கா."

முப்பத்தாறு வயதில் என் தம்பி யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எனக்கு மூக்கின் மேலேயே கோபம், அவனுக்கு மருந்துக்கும் கிடையாது. எங்கள் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து உனக்கே கொடுத்துவிட்டேன் என்று என்னிடம் சொல்வாள். அவனுக்கு அவனைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான் உண்டு, மேலே போனால் பதறமாட்டேன் என்பது. அதையும் ஒரு கிலோ ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு இந்த மனிதர் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்.

நடந்ததைப் பார்த்தவள் நான். காலையில் காற்று எதிரே வந்துகொண்டிருந்தது. கிளம்புகிற விமானத்துக்கு எதிர்காற்றுதான் வேண்டும், அதுதான் தூக்கிவிடும். பத்து மணிக்கு மேல் எங்கள் இடத்தில் காற்று திரும்பிக்கொள்ளும். திரும்பினால் நாங்கள் மருந்து வண்டியை ஓடுதளத்தின் அந்தக் கோடிக்கு நகர்த்தி, அங்கிருந்து கிளப்ப வேண்டும். நகர்த்த இருபது நிமிடம் ஆகும். இன்னொண்ணு அந்த இருபது நிமிடத்தை ஒருநாளும் தந்ததில்லை. காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற துணிப்பை கம்பத்தில் கிழிந்து கந்தலாகத் தொங்கி இரண்டு மாதமாகிறது. புதிது வாங்குங்கள் என்று தினமும் கேட்டேன். தினமும் "நாளைக்கு."

அன்றைக்குக் காலையிலும் அதற்குத்தான் சண்டை. ஐந்தாவது லோடு நிரப்பும்போது காற்று என் முதுகில் அடித்தது. மருந்து வாடை என்னைத் தாண்டி ஓடுதளம் போகிற திசையிலேயே போனது. "காத்து மாறிடுச்சு, வண்டிய நகத்தணும்" என்று கத்தினேன். விரலைத் தூக்கினார். "இன்னொண்ணு. குறைக்காம நிரப்பு. விவசாயி காத்துக்கிட்டிருக்கான்." வெயிலில் எப்போதும் கால்வாசி குறைத்து நிரப்புவோம். நான் கோடு வரைக்கும் நிரப்பினேன். ஏன் நிரப்பினேன்? கத்திக் கத்தி அலுத்துவிட்டது. அதுதான் உண்மை. தம்பி உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான், அக்கா ஆரம்பிச்சுட்டா என்கிற சிரிப்பு. நான் கட்டை விரலைக் காட்டினேன்.

வால் தூக்கவே நேரமெடுத்தது. பாதி ஓடுதளத்தில் இருக்கிற மேட்டில் குதித்து, மறுபடி உட்கார்ந்து, வேலிக்குக் கிட்டேதான் சக்கரம் தரையை விட்டது. ஓர் ஆள் உயரம் போனது. அதற்கு மேல் போகவில்லை. "கொட்டுடா!" என்று கத்தினேன். "கொட்டிடுடா தம்பி, கொட்டு!" வயிற்றுக்கடியிலிருந்து வெள்ளையாக மருந்து சரியும் என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு சொட்டு விழவில்லை.

அதனால்தான் முதலாளி சொல்வதை எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு சொட்டு விழவில்லை என்பதற்கு நானே சாட்சி.

மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது தம்பி மனைவி அவனுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அண்ணி, இதப் பாருங்களேன்" என்றாள். "உடம்புல எல்லாம் சிராய்ப்புதான். இது மட்டும் கத்தியால கீறின மாதிரி இருக்கு."

நான்கு விரல்களின் உட்பக்கத்தில், நடுக்கணுவில், ஒரே நேர்க்கோட்டில் வெட்டு. தோல் உரிந்து உள்ளே சிவந்திருந்தது. உள்ளங்கையில் நீலமாக ஒரு வரி. நான் என் கையை ஏதோ பிடியைப் பிடிக்கிற மாதிரி மடக்கிப் பார்த்தேன். அதே இடம். லீவரின் பிடி பழையது, உள்விளிம்பில் ரப்பர் போய்த் தகரம் தெரியும். மெதுவாக இழுத்தால் அது வெட்டாது.

"இழுத்திருக்கான்" என்றேன்.

"என்ன அண்ணி?"

"இழுத்திருக்கான்டி! கை கிழியற வரைக்கும் இழுத்திருக்கான். உறைஞ்ச கையா இது? கதவு திறக்கல, அதுதான் விஷயம். அந்த ஆளு அதப் பாத்துப் பராமரிக்கல, மேட்டுல குதிச்சதுல எங்கயாவது சிக்கியிருக்கும். இவன் தலையில கட்டப் பாக்கறாரு. இருக்கு அவருக்கு."

"சத்தம் போடாதீங்க, முழிச்சுக்குவார்" என்றாள். ஆனால் அவள் கண் பளபளவென்று ஆகிவிட்டது. "அப்ப அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"கிழிச்சுப் போடு."

பஸ் பிடித்து ஓடுதளத்துக்குப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். அதிகாரி முன்னால் என்ன சொல்லவேண்டும், எந்த இடத்தில் குரலை ஏற்றவேண்டும், இன்னொண்ணு வாயைத் திறந்தால் எப்படி அடைக்கவேண்டும், எல்லாம் தயார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். உதடு அசைந்திருக்க வேண்டும்.

விமானத்தைக் கிரேன் வைத்துத் தூக்கி வந்து கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதிகாரி முதல் நாளே வந்து வெளிப்பக்கம் படம் எடுத்துவிட்டு, உள்ளே பிரித்துப் பார்க்க ஆட்கள் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சுற்றிலும் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார். அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி என் கையிலும் தன் நம்பர் எழுதிய ஒரு சீட்டைத் தந்திருந்தார். நான் நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். தப்புதான். கொட்டகையில் யாரும் இல்லை. மருந்து நாற்றம் குடலைப் பிடுங்கியது.

இருக்கைப் பக்கம் இடதுபுறம் மடிந்து நசுங்கிக் கிடந்தது. உடைந்த ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, கைபேசியில் விளக்கைப் போட்டேன். லீவர் இருந்தது. அதன் தண்டு வளைந்திருந்தது. என் சுண்டுவிரல் தடிமன் இரும்பு, வில் மாதிரி பின்பக்கம் வளைந்திருந்தது. என் தம்பி அதை வளைத்திருக்கிறான். பார்த்ததும் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. ஆனால் லீவர் அதன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று விளக்கைக் கீழே இறக்கினேன்.

லீவரின் கழுத்தைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கம்பி கட்டியிருந்தது. கறுப்புக் கட்டுக்கம்பி. மூன்று சுற்று. முனை முறுக்கி, முறுக்கின இடத்தில் கட்டிங் பிளேயரின் பல் பதிந்து, மிச்சத்தை உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தது. கம்பி முனையை உள்பக்கமாக மடிப்பது நான் மட்டும்தான். யார் கையிலும் குத்தக்கூடாது என்று மடிப்பேன்.

போன வருடம் ஒரு நாள் விமானம் அந்த மேட்டில் குதித்தபோது அடிக்கதவு தானாகத் திறந்து, யாரோ ஒருவருடைய வயலில் களைக்கொல்லி விழுந்து பயிர் வெளுத்துப்போனது. அன்றிலிருந்து லீவரைக் கம்பியால் கட்டுங்கள் என்று முதலாளி உத்தரவு. மெக்கானிக் ஒரு சுருள் செம்புக் கம்பி கொண்டுவந்து தந்தார், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரே ஒரு சுற்று. குதித்தால் தாங்கும், இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றி லீவரை இழுத்துக் கதவு திறக்கிறதா என்று பார்ப்போம். கம்பி அறுந்துவிடும். பிறகு புதிதாக ஒரு சுற்று கட்டுவது என் வேலை.

அன்றைக்குக் காலையில் சுருள் தீர்ந்திருந்தது. மெக்கானிக் லீவு. புதுச் சுருள் வேண்டும் என்று அவர் போன வாரமே முதலாளியிடம் கேட்டு, அதற்கும் "நாளைக்கு" வாங்கியிருந்தார். நான் அந்தக் கந்தல் துணிப்பைக்காக முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கீழே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். நான் மேலே ஏறி நின்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, மருந்து டிரம்கள் கட்டி வந்த கட்டுக்கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றினேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார், நான் ஒரு சுற்று சுற்றுவேன். கடைசியில் "உனக்கு வாய் மட்டும்தான்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிளேயரைப் போட்டு முறுக்கினேன். அவர் கழுத்தைத்தான் முறுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அது எனக்கு ஞாபகமே இல்லை. நாலு நாளாக ஞாபகம் இல்லை. தம்பி உட்காரும்போது கம்பியை ஒரு பார்வை பார்த்திருப்பான், கட்டியிருக்கிறது என்று விட்டிருப்பான். அக்கா போட்ட கட்டை அவன் சந்தேகப்பட்டதே இல்லை.

"பாத்துட்டியா?"

தலையை வெளியே எடுத்தேன். முதலாளி நாடாவுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் மாதிரி ஏதோ ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார்.

"நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

"அன்னைக்கே. கிரேன் தூக்கும்போதே. செம்புக்கம்பி இல்லேன்னதும் புரிஞ்சுடுச்சு." கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடலயே. ஏன்? உனக்காகத்தான். பன்னெண்டு வருஷமா நம்மகிட்ட இருக்கே."

"எனக்காகவா?"

"பின்ன? உன் தம்பி பதறிட்டான்னா ஆறு மாசத்துல ஊர் மறந்துடும். அக்காவே கட்டிப்போட்டான்னா? அவன் உன் மூஞ்சில முழிப்பானா? அவன் பொண்டாட்டி உன்னை வீட்டுக்குள்ள விடுவாளா?" பெஞ்சுப் பக்கம் கண்ணைக் காட்டினார். "பிளேயர் அங்கதான் இருக்கு. ரெண்டு நொடி வேலை. நீ பாக்கல, நான் பாக்கல. அவனும் கையெழுத்துப் போட்டுட்டான்னா முடிஞ்சுது."

என் தம்பி இழுத்தான் என்று இந்த மனிதருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலருகே உட்கார்ந்து, நீ இழுக்கவில்லை என்று அவனையே நம்பவைத்தார். கம்பியை வெட்டுகிற வேலையைக்கூடத் தன் கையால் செய்யமாட்டார். அதற்கும் நான்தான் வேண்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், நான் பெஞ்சுக்குப் போனேன். பிளேயரை எடுத்தேன். கையில் அதன் கனம் சரியாக உட்கார்ந்தது. இரண்டு நொடி வேலைதான். அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். தம்பி மனைவியின் பளபளத்த கண் ஞாபகம் வந்தது. நாளைக்கு அவள் எனக்குக் கதவைத் திறக்கமாட்டாள், அது நிச்சயம். திறக்காவிட்டால் எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

"சீக்கிரம்" என்றார் முதலாளி.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பிளேயரைக் கழிவுநீர் டிரம்முக்குள் போட்டேன். மருந்துத் தண்ணீர் அவர் கால்சட்டையில் தெறித்தது. கைபேசியை எடுத்து அதிகாரிக்குப் போட்டேன். "நாளைக்கு வேணாம் மேடம். இப்பவே வாங்க. நான் விமானத்துப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

முதலாளி கெஞ்சினார், மிரட்டினார், பைத்தியம் என்றார். நான் உடைந்த சிறகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவர் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னைக் கண்டு பயந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதிகாரி முக்கால் மணி நேரத்தில் வந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாத பெண். ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தார். படமெடுத்தார். வெளியே வந்து குறிப்பு நோட்டைத் திறந்தார்.

"இது யார் போட்ட கம்பி?"

"நான் போட்டது."

"யார் போடச் சொன்னாங்க?"

"லீவரைக் கட்டச் சொன்னது இவர். இந்தக் கம்பியால, இத்தன சுத்து கட்டினது நான். யாரும் சொல்லல. கோவத்துல கட்டினேன்." அவர் நோட்டைக் காட்டினேன். "என் பேரை முதல்ல எழுதுங்க மேடம். ஆனா அதோட நோட்டை மூடிடாதீங்க. பின்காத்துல கிளப்பச் சொன்னது யாரு, உச்சி வெயில்ல முழு லோடு ஏத்தச் சொன்னது யாரு, அந்தக் கம்பத்துல என்ன தொங்குது, எல்லாத்தையும் எழுதுங்க. இதைப் பாத்தப்புறமும் என் தம்பிகிட்ட போய் நீ இழுக்கலேன்னு சொன்னாரே, அதையும் எழுதுங்க."

"இவ புத்தி கெட்டுப் பேசறா" என்றார் முதலாளி.

அதிகாரி எழுதிக்கொண்டே, "உங்க கிட்டயும் வர்றேன் சார், நில்லுங்க" என்றார்.

மாலை நான்கு மணிக்கு அதிகாரியின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி விழித்திருந்தான். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "கிழிச்சுட்டேன் அண்ணி" என்று காதருகே சொன்னாள், சிரித்துக்கொண்டே. என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. நேராகக் கட்டிலருகே போனேன்.

"நீ இழுத்தேடா" என்றேன். "லீவரோட தண்டே வளைஞ்சிருக்கு. நீ பதறல. நான் கட்டின கம்பிதான் விடல. செம்புக்கம்பி தீந்துடுச்சுன்னு கட்டுக்கம்பி போட்டேன்."

அவன் இடது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை விரித்து, அந்த வெட்டுக்கோட்டைப் பார்த்தான்.

"எத்தன சுத்து?"

"மூணு."

"கையாலயா முறுக்கினே, பிளேயர் வெச்சா?"

"பிளேயர்."

"நாலு தடவ இழுத்தேன்" என்றான். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "கனவு இல்ல. எண்ணி நாலு தடவ. நாலாவது தடவ ஒரு கையால முடியாதுன்னு, வண்டியத் தூக்கிப் பிடிக்கிற குச்சிய விட்டுட்டு ரெண்டு கையாலயும் இழுத்தேன். குச்சிய விட்டதும்தான் வண்டி மூக்கு கீழ போச்சு. விடாம இருந்திருந்தா வாய்க்காலைத் தாண்டியிருப்பேன்." என்னைப் பார்த்தான். "உன் கட்டு அறுந்துடும்னு நம்பித்தான்க்கா விட்டேன்."

நான் அவன் கையைத் தொடப் போனேன்.

"தொடாத!"

அந்தச் சத்தத்தில் எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் போன நர்ஸ் உள்ளே ஓடிவந்தாள். என் தம்பியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முப்பத்தாறு வருடத்தில் நான் பார்க்காத முகம்.

"வெளிய போ! போக்கா! வாய் கிழியப் பேசுவியே, கம்பி இல்லேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லயா உனக்கு? ஊரையே திட்டுவியே! என்கிட்ட ஒரு வார்த்தை! போ!"

போனேன். வராந்தாவில் கதவை ஒட்டி வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலாவதில் உட்கார்ந்தேன். உள்ளே அவன் நிறுத்தவில்லை. நர்ஸ் மெதுவாகப் பேசச் சொன்னாள், அவளுக்கும் திட்டு விழுந்தது. பிறகு அதிகாரியைப் பார்த்து, "எழுதுங்க மேடம், எல்லாத்தையும் எழுதுங்க" என்று ஆரம்பித்தான். பின்காற்று எத்தனை, வால் எங்கே தூக்கியது, மேட்டில் எத்தனை வேகம், வேலியில் எத்தனை, எந்த இடத்தில் முதல் இழுப்பு, எந்த இடத்தில் இரண்டாவது. ஒரு தடுமாற்றம் இல்லை. பதறிய ஆள் அப்படிச் சொல்லமுடியாது. நடுநடுவே முதலாளிக்கும் எனக்கும் மாறிமாறித் திட்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

தம்பி மனைவி வெளியே வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். சிரித்த முகம் போய்விட்டிருந்தது.

"நாலு நாளா இந்தக் குரலே இல்ல அண்ணி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "நீங்க இப்பப் போங்க. கூப்பிட்டாக் கூப்பிடறேன்" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் போகவில்லை. கதவு சாத்தியும் அவன் சத்தம் கேட்டது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, பதில் ஒரு வார்த்தை சொல்லாமல், என் தம்பி என்னைத் திட்டி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.